பாதி இசைத்தட்டு

லிங்கராஜபுரத்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள்
மேலே யாரோ நடக்கிறார்கள் என்று நினைத்தேன்.
நடை என்றால் எங்காவது போய்ச் சேரும்.
இது சேரவில்லை.
நான்கு அடி, நான்கு அடி,
ஒரு படி ஏறி, யோசித்து, இரண்டு படி இறங்கி,
சுவரோரமாகப் போய்த் திரும்பி
என் கட்டிலுக்கு நேர் மேலே வந்து
ஒரு மூச்சு தாமதித்து
மறுபடி நான்கு அடி.

அது பேஸ் வாத்தியம் என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று.
ஆள் உயரத்துக்கு இருக்கும்,
நின்றுகொண்டே வாசிப்பார்களே, அது.

பகலெல்லாம் எனக்குக் கேட்பதுதான் வேலை.
ஒரு வங்கிக்கு வந்த அழைப்புகளின் பதிவுகள்.
தவணை கட்டாதவர்கள் கத்துவார்கள்.
கட்டியவர்கள் அதைவிடக் கத்துவார்கள்.
எங்கள் பையன்கள் "புரிகிறது சார்" என்பார்கள்.
எத்தனையாவது நொடியில் சொன்னான்,
குரலில் கனிவு இருந்ததா,
ஐந்துக்கு எத்தனை.
ஆறு மணிக்கு ஹெட்போனைக் கழற்றினால்
காது இரண்டும் வெந்த கிழங்கு.

அந்தக் காதுக்குள்தான் இரவு பத்தரைக்கு
கான்கிரீட் வடிகட்டியது போக மிச்சம் இறங்கும்.
ட்ரம்பெட்டோ பியானோவோ தளத்தைத் தாண்டாது.
கனமானது மட்டும் கீழே வரும்.

மீதியை நானே போட்டுக்கொண்டேன்.
திங்கட்கிழமை இசைத்தட்டுக்கு
மூச்சு வாங்கும் ஒரு ஹார்மோனியம்.
புதன்கிழமை வேகமானதற்கு
பாத்திரம் துலக்கிக்கொண்டே
வாய் திறக்காமல் முனகும் ஒருத்தி.
ஞாயிற்றுக்கிழமை ஒன்று உண்டு, மிக மெதுவானது.
அதற்கு எதுவும் போடவில்லை.
ஃபிரிட்ஜ் ஓடும் சத்தமே போதுமாக இருந்தது.
நடுவில் ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுபோகும்,
பேஸ் மட்டும் தனியாக நடக்கும்.
அந்த இடத்துக்காக விழித்திருப்பேன்.

ஜூலையில் கூரையில் ஈரம்.
முதலில் நாணயம் அளவு, பிறகு தோசை அளவு.
"நீங்களே மேலே போய்ப் பேசிடுங்க" என்றார் வீட்டுக்காரர்.

லான்சி பிந்தோ.
லுங்கி, சாயம்போன டீஷர்ட், கையில் துடைக்கும் துணி.
கப்பலில் சமையல்காரர்.
ஆறு மாதம் சோற்றுத் தட்டு, ஆறு மாதம் இசைத்தட்டு.
குளியலறைக் குழாய்தான் என்று அவரே ஒத்துக்கொண்டார்.
சுவரோரம் ஏழெட்டு உறைகள் சாய்ந்து நின்றன,
எல்லாம் புதியவை, சிலவற்றில் விலைச்சீட்டுகூடப் போகவில்லை.
"சத்தம் தொந்தரவா?"
"ஞாயிற்றுக்கிழமை ஒன்று போடுவீர்களே…"
"எது?"
பாடிக் காட்டத் தெரியவில்லை.
அவர் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டினேன்.
எட்டாவது தட்டில் அவருக்குப் பிடிபட்டது.
"அட, இதுவா!
கம்மனஹள்ளியில் ரெண்டு பேர், குக் டவுனில் ஒரு டாக்டர்,
எல்லாருக்கும் இப்ப இதே பைத்தியம்.
என்னுடையது கொரியாவில் இறங்கி வாங்கினது."

ஊசியை இறக்கினார்.

முதலில் என் பேஸ். தெரிந்த நடை.
அதன் மேல் ஒரு சாக்ஸபோன்.
நல்ல சாக்ஸபோன்தான், கனிவு இருந்தது,
ஐந்துக்கு ஐந்துகூடப் போடலாம்.
ஆனால் கல்யாண வீட்டில்
எனக்கு மட்டும் தெரிந்தவர் என்று நான் நினைத்திருந்தவரின்
தோளில் கை போட்டபடி
யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது.
ட்ரம்ஸைத் துடைப்பத்தால் பெருக்கினார்கள்.
பியானோ சந்து பார்த்து
எதையோ சொல்லிவிட்டு ஓடியது.
ஃபிரிட்ஜ் நிற்கும் இடம் வந்தது.
சாக்ஸபோன் பேசிக்கொண்டே இருந்தது.

"எப்படி?" என்றார்.
வாயில் வந்தது "புரிகிறது சார்."
நல்லவேளை, அவருக்கு அது பாராட்டாகப் பட்டது.
உறையை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.
நான்கு பேர் ஒரு மீன்சந்தையில் நிற்கிறார்கள்.
யார் பேஸ் என்று கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு, பத்தரை.
குழாய் சரியாகிவிட்டது, கூரை காய்கிறது.
பேஸ் இறங்கியது.
கூடவே, தளத்தைத் தாண்டவே முடியாத சாக்ஸபோனும்
எனக்குள்ளிருந்து.
அந்த இடம் நெருங்கியதும் எழுந்துபோய்
ஃபிரிட்ஜை நானே அணைத்தேன்.
சாக்ஸபோன் நிற்கவில்லை.
இருட்டில் சமையலறையிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு
வந்து படுத்துக்கொண்டேன்.

காலையில் பால் திரிந்திருந்தது.