நல்லதண்ணி

கரையில் நின்று பார்த்தால்
பச்சைக் கோடு ஒன்று. அவ்வளவுதான்.
வெயில் ஏறினால் கடலைவிட்டுக் கழன்று
வானத்தில் ஒரு சாண் மேலே நிற்கும்.

அந்தத் தீவுக்கு நல்லதண்ணி என்று பேர் வைத்தவனைத்தான்
தேடிக்கொண்டிருக்கிறேன்.
இன்னொரு தீவுக்கு உப்புத்தண்ணி என்று பேர்.
எனக்குத் தெரிந்து இரண்டிலும் ஒரே தண்ணிதான்.

வனத்துறையில் காவலுக்குப் போட்டிருக்கிறார்கள் என்னை.
மாதத்தில் பத்து ராத்திரி அங்கே.
யாரும் இறங்கக்கூடாது என்பது சட்டம்.
இறங்கக்கூடாது என்றானதும்
மூக்கையூரிலிருந்து வாலிநோக்கம்வரை
எல்லாருக்கும் அங்கே ஏதோ ஒன்று இருந்தது.

ஐஸ் கம்பெனி பால்ச்சாமிக்கு
அங்கே சத்தமே கிடையாது.
தம்மாமிலிருந்து லீவில் வந்த நெய்னா
மூன்றாம் நாளே வந்து கேட்டான்:
"அண்ணே, அங்கே டவர் எடுக்குமா?
எடுக்காதுன்னு சொல்லுங்க."

கித்தேரி கேட்டாள்,
டிராக்டர் தண்ணிக்கு ஏழாவது ஆளாக நின்றபடி:
"ஊத்து இருக்காமே,
மணலைக் கையால வழிச்சா இளநி மாதிரி?"

உண்மையைச் சொன்னேன்.
ஊத்து இல்லை. உடைமுள், எலிப்பொந்து,
ஒதுங்கிய செருப்புகள், ஒன்றுக்கும் ஜோடி கிடையாது.
இலங்கை சோப்பு உறை.
ஆமை ஓடு ஒன்று, உள்ளே நண்டு.
நான் குடிக்கிற தண்ணியே
இந்த டிராக்டரில் பிடித்துக் கேனில் போகிறது.

குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.
மூன்று வாரம் பேசவில்லை.

அவள் மகன் அருளப்பன்தான் பிறகு சொன்னான்:
கெடுபிடி வருமுன்னே
அம்மா அந்தத் தீவைச் சுற்றித்தான் பாசி எடுத்தாள்,
பதினெட்டு வருஷம்.
ஒருதடவை காய்ச்சலில் இரண்டு நாள் அங்கேயே கிடந்து
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப்போய்
வத்தையில் தூக்கி வந்தார்களாம்.

தெரிந்தவள்.
தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

தூங்காத பிள்ளைக்கு
வெறும் உலையைக் கொதிக்கவிடுகிறாள் ஒருத்தி.
மூடியைத் திறந்து காட்டியவன் நான்.

அடுத்த தடவை வரிசையில் நானே போய்ச் சொன்னேன்:
"வடக்கு மூலை. ரெண்டாவது தாழம்புதர்.
முழங்கை ஆழம்தான்."
"இனிப்பா?"
"பல்லு கூசும்."
அவள் சிரிக்கவில்லை.
கணக்கு நேரான மாதிரித் தலையை ஆட்டினாள்.

ராத்திரி தீவிலிருந்து பார்த்தால்
நம் ஊர் ஒரு மினுங்கும் கோடு.
எது ஏலக்கூடத்து டியூப்லைட், எது மாதாகோவில்,
பிரித்துச் சொல்லிவிடுவேன்.
கிளம்பும்போது முகம் கொடுக்காமல்
என் பெண்டாட்டி சாத்திய கதவுகூட
அந்தத் தூரத்தில் திறந்தேதான் இருக்கும்.
படகு கரை தட்டும்வரை.

நேற்று தூக்கம் பிடிக்கவில்லை.
கேனில் நாலு விரக்கடை மிச்சம்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தேன்
வடக்கு மூலைக்கு.
வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தேன்,
ஆனாலும் ரெண்டாவது தாழம்புதர் இருந்தது.
முட்டி போட்டு வழித்தேன்.
முள் கீறியது, சிப்பி கீறியது.
முழங்கைக்குக் கொஞ்சம் மேலே போனதும்
மணல் குளிர்ந்தது.

விரல் நுனியில் ஈரம்.

கடல் பத்தடி தள்ளித்தான் இருக்கிறது.
அது எனக்குத் தெரியாதா.
விடிந்துவிட்டது.
விரலை இன்னும் நாக்கில் வைக்கவில்லை.