ஓரமாக அளந்தது

சக்கரம் தள்ளுகிறவன் நான்.
மீட்டருக்கு ஒரு சொடுக்கு,
கைப்பிடியில் எண் புரளும்.
பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது:
மெட்ரோ வருதா சார்?
இல்லைங்க, ரோடு எவ்வளவு நீளம்னு பார்க்கிறோம்.
ரோடு எங்க, என்பார் ஒருவர்.
கெம்பராஜு வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

வார்டில் இருக்கும் தெரு அத்தனையும்
படிவத்தில் ஏற வேண்டும்.
பெயர், நீளம், அகலம், மேற்பரப்பு, பயன்பாடு.
நாலாவது கிராசில் மேற்பரப்பு என்று எதை எழுத?
தண்ணீர் வாரியம் தோண்டிய செம்மண்,
அதன்மேல் எரிவாயுக்காரர் கொட்டிய ஜல்லி,
அதன்மேல் கேபிள்காரன் பரப்பிய உடைகல்,
பள்ளம் இருக்கிறதென்று சொல்ல
யாரோ ஊன்றிவிட்டுப் போன முருங்கைக் கொம்பு.
கொம்பு துளிர்த்து நாலு இலை விட்டிருந்தது.
தார் என்று எழுதினேன்.
ஆவணப்படி அது தார்.

தொட்டசீகெ ஏரியில் வேலை சுளுவு.
சுற்றிலும் கல் பதித்த நடைபாதை, குப்பை இல்லை,
காலை ஐந்தரை முதல் ஒன்பதரை வரை திறந்திருக்கும்.
பலகையில் பன்னிரண்டு விதிகள்.
இடச்சுற்றாக நடக்கவும் என்பது மூன்றாவது,
உணவுப் பொருள் கூடாது ஏழாவது.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு மீட்டர் என்றது சக்கரம்.
தொப்பி போட்ட ஒருவர் வழிமறித்தார்.
என் வாட்ச் அறுபது கூடக் காட்டுதே?
வெளி ஓரமாக நடந்தால் கூடும் சார்,
தண்ணிப் பக்கம் ஒதுங்கினால் குறையும்.
அன்றிலிருந்து அவர்
வேலியை உரசிக்கொண்டு நடக்கிறார்.

அந்த வேலியில்தான், வடகிழக்கு மூலையில்,
குனிந்தால் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை.
வெட்டிய கம்பி முனை ஒவ்வொன்றிலும்
துணிக் கீற்றுச் சுற்றி முடிந்திருந்தது,
சேலையில் மாட்டாதபடி,
ஓவர்லாக் அடித்த மாதிரி அத்தனை நெருக்கமாக.

எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் வந்தார்கள்.
டிபன் பைகள் முதலில், பிறகு தலைகள்.
எட்டேகாலுக்கு ஆலை கேட்டில் அட்டை தேய்க்க வேண்டும்,
பிந்தினால் அரை நாள் கூலி.
சாலை வழி என்றால் ஒண்ணே முக்கால் கிலோமீட்டர்,
லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவில்
ஒரு செருப்பு அகலம் மிச்சம்.

காவலுக்கு நிற்கும் திகந்தா விசில் ஊதினான்.
இது வாக்கிங் போற இடம்மா!
நாங்க என்ன பறந்தா போறோம், என்றாள் நாகவேணி,
நிற்காமல்.
வெள்ளிக்கிழமை அவன் கம்பி கட்டுவான்.
திங்கட்கிழமை அது அவிழ்ந்து
கம்பத்தில் சுருட்டி மாட்டியிருக்கும்,
ஒரு அங்குலம் வீணாகாமல்.

அளக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
சக்கரத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.
நடைபாதையைக் குறுக்கே வெட்டி,
கோரைப்புல்லைப் பிளந்து,
மறுகரை ஓட்டைக்கு இறங்குகிறது.
அகலம் ஒன்றரை அடி.
மேற்பரப்பு மண், காலால் இறுகியது.
குழி ஒன்றுகூட இல்லை.
இந்த வார்டில் அப்படி எழுதிய ஒரே வரி இதுதான்.
பெயர்? கெம்பராஜு பேனாவோடு நின்றான்.
நாகவேணியின் பின்னால் ஓடிக் கேட்டு வந்தான்.
போற வழிக்கு எதுக்குடா பேரு, என்றாளாம்.

கடைசி ஓட்டையில் சக்கரம் சிக்கிக்கொண்டது.
பின்தங்கி வந்த ஒரு பெண்
கம்பியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள்,
சீக்கிரம் அண்ணா என்று.
சொடுக்கு.
நானூற்றுப் பதின்மூன்று.

மாதக் கடைசியில் அலுவலகம் கூப்பிட்டது.
வார்டின் மொத்த நீளம் வரைபடத்தோடு ஒட்டவில்லை,
நானூற்றுச் சொச்சம் கூடுதலாக வருகிறது,
எங்கே இடித்தது?
மின்விசிறிக்குக் கீழே படிவங்கள் படபடத்தன.
ஏரியை வெளி ஓரமாக அளந்துட்டேன் போல சார்,
என்றேன்.