ஜன்னல் மட்டும்தான்

கால அட்டவணையில் எனக்கு
வியாழன் ஐந்தாம் பீரியட். நன்னெறி.
பாதி வகுப்பு கணக்கு ஹோம்வொர்க் முடிக்கும்,
நான் பார்க்காதிருப்பேன்.
ஞாயிறு ஆராதனையில் முந்நூறு கொட்டாவி,
பின்வரிசையில் சுவிங்கம்.
ஈரம் பட்டால் ஆர்கனில் ஒரு கட்டை பேசாது.
பெங்களூர் ஜூனில் என்ன செய்ய.

மற்றபடி சாப்ளினுக்கு என்னதான் வேலை என்று
புதிதாக வந்த பி.டி. மாஸ்டர் கேட்டார்.
பையன்களைக் கேட்டிருக்கலாம்.

அவர்களுக்குத் தெரியும்:
இரவு பத்துக்கு மேல்
என் செருப்புச் சத்தம் டார்மிட்டரியில் கேட்டால்
யார் வீட்டிலோ
யாரோ இல்லை.

போன ஜூலையில் மச்சையா.
மடிக்கேரியிலிருந்து போன்.
தோளைத் தொடுமுன்பே எழுந்து
ஷூ மாட்டினான்.
ஒரு லேஸ் கட்டிவிட்டுக் கேட்டான்:
"அப்பாவா ஃபாதர், அம்மாவா?"
சொன்னேன்.
குனிந்து மற்றதையும் கட்டினான்,
இரட்டை முடிச்சு.
மண்டியா தாண்டும்வரை
எனக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை.
மத்தூரில் வாங்கிய டீ
இருவர் கையிலும் ஆறியது.

நேற்று நல்ல மழை.
கிழக்கு ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது.
வார்டன் லீவு, நானே போனேன்.

நாற்பது கம்பளி.
ஒன்றிலும் மூச்சில்லை.

"ஜன்னல்" என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக.
"ஜன்னல் மட்டும்தான்டா."

முதலில் சிரித்தது மச்சையாதான்.
அப்புறம் அறை முழுக்க
துருத்தி திறந்தாற்போல் காற்று.

கொக்கி துருவேறி மாட்டவில்லை.
கட்டிலுக்கடியில் கைவிட்டு
ஷூவிலிருந்து லேஸை உருவி நீட்டினான்.

கட்டினேன்.
எனக்கு ஒற்றை முடிச்சுதான் வரும்.