நான்கு நிமிடம்

குவோப்பியோவுக்கு வடக்கே ஒரு காடு.
வரைபடமும் திசைகாட்டியுமாய் ஓடும் பந்தயம்.
ஏழாவது கொடிக்கும் எட்டாவதுக்கும் நடுவே
தைமி நான்கு நிமிடம் காணாமல் போனாள்.

"வழி தப்பிவிட்டதா?" என்றார்
கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்காத வெய்க்கோ.
நீலம் பாய்ந்த நாக்கை
உள்ளேயே வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிறு அவள்தான் முதல்.
கோப்பையிலேயே காப்பி ஊற்றிக் குடித்தார்கள்.
அந்தக் காட்டில் என்னென்ன மரம்
என்று தங்கை கேட்டபோது
மடித்த வரைபடத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டியிருந்தது.
பச்சை, என்றாள்.
சில இடத்தில் அடர்பச்சை.

இன்று மூன்றாவது பந்தயம்.
காலணி நாடாவை இரண்டு முடிச்சுப் போடுகிறாள்.
இடுப்புப் பையில்
மூடி இல்லாத சின்ன டப்பா.
ஓடுகிற ஓட்டத்திலேயே
பழம் பறிக்க முடியுமா என்று
பார்த்துவிடப் போகிறாள்.