கழித்தல்

டிக்லிஸ் தடுப்பணைக்குப் பக்கத்தில்
படி இறங்கிப் போனால்
ஒரு கண்ணாடி.
அதற்கு அப்பால் செவர்ன் ஆறு,
ஆறிப்போன தேநீரின் நிறத்தில்.

வாரமெல்லாம் வூஸ்டர் மருத்துவமனை ஆய்வகத்தில்
இரத்த அணுக்களை எண்ணுகிறவள் நான்.
மே மாதச் சனிக்கிழமைகளில்
மீன் எண்ண வருகிறேன்.
சம்பளம் இல்லை. ஒரு மடக்கு நாற்காலி,
ஈரத்திலும் எழுதுகிற பென்சில்.

விதி எளியது:
மேலே போனால் ஒன்று கூட்டு.
கீழே திரும்பினால் ஒன்று கழி.
எனக்கு முந்தைய முறைக்காரி ஹெட்டி ப்ராஸர்
படிவத்தின் மூலையில் எழுதி வைத்திருந்தாள்:
ஆசைக்கு எண்ணாதே.

ஷாட் என்று பெயர். மத்திக்குச் சொந்தம்.
விலாவில் வரிசையாய்க் கரும்புள்ளிகள்,
வாலை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும்,
வைத்தவனுக்கு மை தீர்ந்ததுபோல.
சால்மன் மாதிரித் துள்ளத் தெரியாது.
கையில் பிடித்தால் செதில் உதிர்ந்துவிடும்.
நம் காதுக்கு எட்டாத கீச்சொலி
அதற்குக் கேட்கும்.
ஒன்று தயங்கினால்
கூட்டமே திரும்பிவிடும்.

எதிர்நீச்சல் என்று மேடையில் முழங்குகிறோமே,
அந்த வீரம் எதுவும் இதனிடம் இல்லை.
நீர் பன்னிரண்டு டிகிரி தாண்டட்டும் என்று
கழிமுகத்திலேயே
காத்துக் கிடக்கும்.

சரக்குப் படகுகள் தரை தட்டாமல் போக
ஆற்றுக்குக் குறுக்கே கல் அடுக்கினார்கள்,
விக்டோரியா ராணிக்கு இளம் வயது அப்போது.
அதன் பிறகு நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட மே மாதங்கள்
வந்தன, முட்டின,
கிடைத்த சரளையில் முட்டையிட்டுத்
திரும்பிப் போயின.
ஒரு மீனுக்குப் பத்து வயதென்றால் அதிகம்.
மேலே இன்னும் ஆறு உண்டென்று
எது எதற்குச் சொல்லி வைத்தது?

யாரும் சொல்லவில்லை என்கிறாள் ஹெட்டி.
தண்ணீர் அங்கிருந்து வருகிறதே,
போதாதா?

இதன் தூரத்துப் பங்காளி உல்லம்.
காவிரியில் ஏறிக்கொண்டிருந்ததாம்,
மேட்டூரில் சுவர் எழும்வரை.
நான் மேட்டூர்க்காரி.
பதினாறு கண் மதகில் வெள்ளம் பார்க்கக்
கூட்டத்தோடு போனவள்.
உல்லம் என்ற பெயரை முதலில் படித்தது
இந்த ஊரில்,
ஓர் அறிக்கையின் அடிக்குறிப்பில்.

இன்று மாலை ஐந்து நாற்பது.
கலங்கலுக்குள்ளிருந்து ஒரு வெள்ளி விளிம்பு.
கண்ணாடி முன் நின்றது.
வாயைத் திறந்து மூடியது. போனது.
கூட்டல்.
கொஞ்ச நேரத்தில், வால் முன்னே வர,
சறுக்கிக்கொண்டு திரும்பியது.
கழித்தல்.
மறுபடி.
மறுபடி.
அதே மீன்தான்,
மூன்றாவது புள்ளி இரண்டாய்ப் பிளந்திருந்தது.
நான்கு முறை ஏறி
நான்கு முறை இறங்கியது.

படிவம் நிறையக் கோடுகள்.
ஏழு மணிக்குப்
பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பையை மாட்டிக்கொண்டு விளக்கை அணைக்கப் போனபோது
பிளந்த புள்ளி போயிற்று,
அவசரமில்லாமல்.
பின்னால் இன்னொன்று. அதன் பின்னால்
எத்தனை என்று சொல்ல மாட்டேன்.
முறை முடிந்துவிட்டது.
திரும்பி வந்தனவா என்று பார்க்கவும் இல்லை.

வெளியே கதீட்ரல் மணி அடித்துக்கொண்டிருந்தது.
கரையோரமாய் நடந்தேன்,
ஆறு வருகிற திசையை நோக்கி.
வேறொன்றுமில்லை,
பேருந்து நிறுத்தம் அந்தப் பக்கம்.