ஒப்பீட்டு உதாரணம் மூன்று

ரைஸ்வைக்கில் காற்று முதலில் சைக்கிள்களைச் சாய்க்கும்,
அப்புறம்தான் மரங்களிடம் போகும்.
ஏழாம் மாடியில் எனக்கு இரண்டு திரைகள்:
இடப்பக்கம் யார்மிலா வோன்ட்ராகோவாவின் படலம்,
வலப்பக்கம் அவருக்கு முன் உலகம் சொல்லிவிட்டதெல்லாம்.

படலம் என்றால் தயிர்க் கோப்பையின் மூடி.
பாலிஎத்திலீன், அதில் நூற்றுக்குப் பதினெட்டு பங்கு பாலிபியூட்டீன்.
நூற்று முப்பது டிகிரியில் ஒட்டும்.
இழுத்தால் கிழியாது, சிந்தாது,
ஒரு பெருமூச்சுபோலக் கழன்று வரும்.
(பெருமூச்சு என் சொல். விண்ணப்பத்தில் இருப்பது
பதினைந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு நான்கு நியூட்டன்.)

ஆறு வருஷம். இருநூற்றுப் பதினோரு கலவைகள்.
ப்ர்னோவில் மூட்டுவலிக்காரர்களை வரவழைத்து
விரல் விரலாக அளந்திருக்கிறார்கள்;
அட்டவணை எட்டு முழுக்கக் கட்டைவிரல்கள்.

வியப்பதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.
இது முன்பே எங்காவது, யாராலாவது,
எந்த மொழியிலாவது, ஒரே காகிதத்தில் முழுசாகச்
சொல்லப்பட்டுவிட்டதா என்று பார்ப்பதற்குத்தான்.
பாதி இங்கே பாதி அங்கே கிடந்தால்
அது வேறு கணக்கு, வேறு தலைவலி.

மூன்று நாள் ஒன்றும் அகப்படவில்லை.
கொரியக்காரர் ஒருவர் வாசல்வரை வந்து
வினையூக்கியோடு திரும்பிப் போய்விட்டார்.
டெலவேர் நிறுவனம் ஒன்று
ஒரு விழுக்காட்டிலிருந்து தொண்ணூற்றொன்பதுவரை கேட்டிருந்தது.
ஊரையே வளைத்து வேலி போட்டவனுக்குத்
தன் கிணறு எங்கே என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை, நாலு மணி.
இச்சிஹாரா, 1978, குனியாசு மொரிஹாத்தா.
அவருக்கு வேண்டியது பிரியவே பிரியாத ஒட்டு:
உரமூட்டை, சிமெண்ட், மழையில் கிடக்கிற சரக்கு.
உதாரணம் ஒன்று தாங்கியது. இரண்டும் தாங்கியது.
ஒப்பீட்டு உதாரணம் மூன்று:
பதினெட்டு பங்கு. நூற்று முப்பது டிகிரி.
கையால் எளிதில் பிரிந்தது. உதவாது.

நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.
ஆன்லூஸ் டெர்ப்ஸ்ட்ரா எட்டிப் பார்த்து
“செத்ததா?” என்றாள்.
எங்கள் தளத்தில் அப்படித்தான் கேட்போம்.

பிப்ரவரியில் விசாரணை, காணொளியில்.
வழக்கறிஞர் நீளமாகப் பேசினார், நன்றாகவும் பேசினார்.
யார்மிலா ஒரே முறை குறுக்கிட்டார்:
“அவர் அதை எறிந்துவிட்டாரே.”

எறிந்தார்தான், அம்மா.
எறிந்த இடத்தை எழுதிவைத்துவிட்டாரே,
எடையோடு, வெப்பத்தோடு.
குப்பை என்று எழுதினாலும் எழுதியது எழுதியதுதான்.
இதை நான் சொல்லவில்லை. பிரிவு எண்ணைச் சொன்னேன்.

முதல் கோரல் போயிற்று.
ஏழாவதை,
கையால் திறக்கும் மூடியாக அதைப் பயன்படுத்துவது என்பதை,
மூவரில் இருவர் விட்டுவைத்தோம்.
மாடு போயிற்று, பால் பாத்தியதை மிஞ்சியது.
ஆன்லூஸ் எதிர்த்தாள். இன்னும் எதிர்க்கிறாள்,
காபி இயந்திரத்தின் முன்னால்கூட.

என்னை உறுத்துவது வேறு.
கையால் பிரிந்தது என்றால் யாருடைய கை?
மொரிஹாத்தாவுடையதாக இருக்காது;
பெயர் அச்சாகிறவர்கள் இழுத்துப் பார்ப்பதில்லை.
கையுறையைக் கழற்றிய யாரோ ஒருத்தி
விளிம்பைப் பிடித்து, மெதுவாக,
தேவையே இல்லாமல் இன்னொரு தடவையும்
இழுத்துப் பார்த்திருப்பாள்.
அப்புறம் அந்தக் கட்டத்தில்
உதவாது என்று நிரப்பியிருப்பாள்.

டெல்ஃப்ட் போகும் டிராமில்
மதியம் சாப்பிடாத தயிரைத் திறக்கிறேன்.
பழைய ரக மூடி. பாதியில் கிழிகிறது.
கோட்டின் மேல் ஒரு சொட்டு.
எதிர் இருக்கைப் பையன் சிரிக்கிறான்.