குறிப்பு என்ற கட்டம்

வெள்ளிக்கிழமை. வற்றுக் கடல்.
தூப்ளி விரிகுடாவில் முழங்கால் வரை சேறு.
கம்பெனி பூட்ஸ் இரண்டு சைஸ் பெரிது;
தூக்கினால் கால் வருகிறது, பூட்ஸ் வருவதில்லை.

கேம்பிலிருந்து ஏழு பேர்.
பிரியாணி உண்டென்று கேள்விப்பட்டு
அருமைநாயகம் பெயர் கொடுத்தான்,
என் பெயரையும் சேர்த்து.

நாற்பது பள்ளிப் பிள்ளைகள், ஆரஞ்சுத் தொப்பிகள்.
ஹெஸ்ஸா மேடம் அரபியில் சொல்ல
ரொவேனா டீச்சர் ஆங்கிலத்தில் சொல்ல
எங்கள் ஆட்களுக்கு நான் தமிழில்:
குச்சி மாதிரி நிற்பதெல்லாம்
அலையாத்தியின் மூக்கு. மிதிக்காதீர்கள்.
"சேத்துக்குள்ள இருந்துக்கிட்டு மூச்சா?
நம்ம ரூம் மாதிரின்னு சொல்லு."
சிரித்தோம். என்னவென்று டீச்சர் கேட்டார்.
அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

பிளாஸ்டிக் குழாயில் ஒரு சதுரச் சட்டம்.
சேற்றில் போட்டு, உள்ளே இருப்பதை எண்ண வேண்டும்.
என் ஜோடி லத்தீஃபா, பத்து வயதிருக்கும்.
அவள் எண்ணுவாள், நான் எழுதுவேன்.
நண்டு வளை பதினொன்று.
நத்தை முப்பத்திரண்டு,
செத்தது ஒன்று, அதையும் எழுது என்றாள்.
நாற்று இரண்டு.
பாட்டில் மூடி நான்கு.

எட்டாவது சட்டத்தில் சேறே இல்லை.
வெள்ளை மணல், சிப்பி நொறுங்கல் கலந்தது.
இந்த மணலை எனக்குத் தெரியும்.
தொட்டி முழுக்கச் சாய்ந்த பிறகும்
மூலையில் ஒட்டிக்கொண்டு அடம்பிடிக்கும் ரகம்.
நாளைக்கு ஒன்பது லோடு,
லோடுக்கு இருநூறு ஃபில்ஸ் படி.

குனிந்து, விரலால் கிளறி,
வெகுநேரம் தேடினாள்.
ஸிஃப்ர், என்றாள்.
சைபர், என்று எழுதினேன்.
எங்கள் இருவருக்கும் பொதுவாக
அந்த ஒரு சொல்தான் இருந்தது.

மணல் எங்கிருந்து வந்தது என்றாள்.
லாரியில், என்றேன்.
யார் லாரி?
கம்பெனி லாரி.
அதோடு விட்டிருக்கலாம்.
தாளின் ஓரத்தில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
காலையிலிருந்து காலியாகவே இருந்தது.
என் வண்டி நம்பரை அதில் எழுதினேன்.
பேனா. அழிக்க முடியாது.

தாள்களை அடுக்கும்போது ஹெஸ்ஸா மேடம்
அந்த இடத்தில் நின்றார்.
என் சட்டைப்பையின் மேல் தைத்திருந்த
கம்பெனி முத்திரையைப் பார்த்தார்.
அடுத்த வெள்ளியும் வருவீர்களா, என்றார்.
நாளைக்கு ஒன்பது லோடு இருக்கிறது, என்றேன்.
அவர் கேட்டது அதுவல்ல.

அருமைநாயகம் கூப்பிட்டான்,
கால் துண்டு ஒன்று எடுத்து வைத்திருக்கிறானாம்.
நகக்கண்ணில் சேறு.
கழுவக் குழாயடிக்குப் போனேன்;
எனக்கு முன்னால் நாற்பது தொப்பிகள்.